லான்சோ ஒடித்த இசைத்தட்டு

1973 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்குத் தன் புருஷன் வெர்டெல் பிங்ஸ்டன் செத்துப்போனான் என்றுதான் இமோஜீன் பின்னாளில் சொல்வாள். அதற்குப் பிறகும் அவன் சாப்பிட்டான், பஸ் ஓட்டினான், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போனான். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அன்று காலை சிகாகோ மேற்குப் பகுதியில், அவர்களுடைய இரண்டாம் மாடிச் சமையலறையில் மூன்று பேர் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெர்டெல், இமோஜீன், அவளுடைய தம்பி ஆர்லி ஸ்டாம்ப்ஸ். ஆர்லிக்கு இருபத்திரண்டு வயது. வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தான், ரேடியோவுக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பார்க்கப் போவதுபோல. முந்தின ஆகஸ்ட் மாதம் வெயிலில் மூன்றே நாளில் பதிவுசெய்த 'சூடான தார்' என்ற ஆல்பம் அன்றைக்குத்தான் முதல்முதலாக வானொலியில் வரப்போகிறது. அதில் கிதாரும் குரலும் வெர்டெல். டிரம் ஆர்லி.

வெர்டெல் அதுவரை ப்ளூஸ் என்ற சோகப்பாட்டு வாசிக்கிற ஆள். மிசிசிப்பியின் கிரீன்வுட்டிலிருந்து பத்தொன்பது வயதில் ரயிலேறி வந்தவன். பதினைந்து வருஷம் மற்றவர்கள் முன்னால் நின்று பாட, பின்னால் நின்று கிதார் வாசித்தான். சொந்தப் பேரில் ஒரு ஆல்பம் போட்டு, அது சுமாராகப் போயிருந்தது. அப்போதுதான் ஆர்லி ஒருநாள் பின்கட்டில் டிரம்மைப் பரப்பிக்கொண்டு சும்மா தட்டிக்கொண்டிருந்தான். நாலாவது அடியைக் கொஞ்சம் பிந்திப் போட்டான், கால் வழுக்கி விழப்போகிறவன் கடைசி நொடியில் சமாளிப்பதுபோல. வெர்டெல் காதுக்கு அது புதிதாக இருந்தது. கிதாரை எடுத்து, தனக்குத் தெரிந்த அதே பழைய சோகத்தை அந்தத் தாளத்தின் மேல் வைத்துப் பார்த்தான். சோகம் எழுந்து நின்று ஆட ஆரம்பித்தது. ப்ளூஸ்காரன் ஃபங்க் என்ற ஆட்டப்பாட்டு வாசிக்கக்கூடாது என்று எங்கும் சட்டம் எழுதியிருக்கவில்லை. ஆனால் எழுதியிருப்பதைப் போலத்தான் எல்லாரும் நடந்துகொண்டார்கள்.

அந்தச் சட்டத்தின் காவல்காரன் லான்சோ கிரச்சர். ரேடியோவில் அவனுக்கு 'ஷெரிஃப் லான்சோ' என்று பேர். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மேற்குப் பகுதியில் முடிவெட்டும் கடை, கறிக்கடை, பள்ளிக்கூடத்துச் சமையல்கூடம் எல்லாவற்றிலும் அவன் குரல்தான். அவன் ஒரு பாட்டை நல்லது என்றால் சாயங்காலத்துக்குள் எல்லா மதுக்கடையிலும் அது ஓடும்.

"அடுத்தது நம்ம வெர்டெல் பிங்ஸ்டன்," என்றான் லான்சோ. ஆர்லி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

டிரம் வந்தது. கிதார் வந்தது. வெர்டெல் வாயைத் திறந்து பாடத் தொடங்கும் இடத்தில், ஊசியைத் தூக்கும் கரகரப்புக் கேட்டது.

"கேட்டீங்களா மக்களே. மிசிசிப்பியில பருத்தி பொறுக்கின கை இது. இப்ப என்ன பண்ணுது பாருங்க. பின்னாடி ஒருத்தன் தகர டப்பாவைப் போட்டுத் தட்டுறான். இதுக்குப் பேரு பாட்டாம். இதை என் வீட்டு நாய்க்குக்கூடப் போட மாட்டேன்." பிறகு நெஞ்சிலிருந்து கிளம்பிய ஒரு நீளச் சிரிப்பு. அதற்கப்புறம் சடாரென்று ஒரு சத்தம். "அவ்வளவுதான். முழங்கால்ல வச்சு ஒடிச்சிட்டேன். உங்க காதைக் காப்பாத்தினதுக்கு எனக்கு அப்புறமா நன்றி சொல்லுங்க."

மொத்தம் நாற்பது நொடி. அதன்பின் பன்றிக்கறி விளம்பரம்.

ஆர்லி கையை விட்டான். "தகர டப்பாவா மச்சான்?" என்று மட்டும் கேட்டான்.

வெர்டெல் எழுந்தான். கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான். ஆர்லியும் பின்னாலேயே ஓடினான். ரேடியோ நிலைய வாசலுக்கு எதிரே பனிச்சேற்றில் ஒன்பது மணிவரை நின்றார்கள். வெர்டெலின் கோட்டுப்பையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. லான்சோ வெளியே வந்தான். அவர்களைப் பார்த்ததும் ஓடி ஒளியவில்லை. நேரே வந்து வெர்டெலின் தோளில் கைபோட்டான்.

"நீ கோவமா இருப்பேன்னு தெரியும்யா. உன் நல்லதுக்குத்தான் பண்ணேன். நீ யாருன்னு நீயே மறந்துட்ட, யாராவது ஞாபகப்படுத்தணுமில்ல. போ, போய் ஒழுங்கா ஒரு ப்ளூஸ் போட்டுக் கொண்டா. நானே முதல் ஆளா ஓட்டுறேன்."

அந்தக் கை தோளில் இருந்த நேரம் முழுக்க வெர்டெலின் விரல்கள் பைக்குள் ஸ்பேனரைப் பிடித்திருந்தன. பிடித்தபடியே இருந்தன. லான்சோ காரில் ஏறிப் போய்விட்டான். ஆர்லி தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "வா போலாம்," என்றான் வெர்டெல். 

வெள்ளிக்கிழமைக்குள் மூன்று மதுக்கடைகள் கச்சேரியை ரத்துசெய்தன. இசைத்தட்டுக் கம்பெனி மிச்சப் பிரதிகளைக் கிடங்கில் போட்டுப் பூட்டியது. போகிற இடத்திலெல்லாம் தெரிந்தவர்கள் வெர்டெலைப் பார்த்து நாய்போலக் குரைத்தார்கள், விளையாட்டுக்குத்தான். கோடைக்குள் அவன் பஸ் ஓட்டும் வேலையில் சேர்ந்துவிட்டான். ஆர்லி தன் டிரம்மைப் பின்கட்டிலேயே விட்டுவிட்டு ஒரு இரும்பு வார்ப்பாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அடுத்த குளிர்காலத்தில் பனி அதன் தோலை ஊறவைத்துக் கிழித்தது. அவன் எடுத்து உள்ளே வைக்கவில்லை. நாலாம் வருஷம் இயந்திரத்தில் வலதுகையின் இரண்டு விரல் போயிற்று. பிறகு குடி. 1981இல், முப்பது வயதில், வாடகை அறையில் நெஞ்சடைத்துச் செத்தான். சவப்பெட்டியை மூடும் முன் வெர்டெல் அந்த வலதுகையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். அழவில்லை. லான்சோவின் பேரை ஒருமுறை மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அதன்பின் தினமும் சொன்னான். காலையில் பஸ்ஸைக் கிளப்பும்போது சொன்னான், பிரேக் பிடிக்கும்போதும் சொன்னான். ஸ்பேனரை எடுக்காத தன் கையை அவன் மன்னிக்கவே இல்லை.

1990 ஜூலை. மேடிசன் தெருவில் வெர்டெலின் பஸ் போய்க்கொண்டிருந்தது. பின்னிய தலைமுடியில் மணி கோத்த ஒரு பெண், பதினேழு வயதிருக்கும், மடியில் பெரிய ரேடியோவை வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அதில் எவனோ படபடவென்று பாட்டுமாதிரி பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு டிரம்.

நாலாவது அடி பிந்தி விழுந்தது.

வெர்டெல் நடுத்தெருவில் பஸ்ஸை நிறுத்தினான்.

"என்னப்பா, வண்டி செத்துப்போச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"அம்மா, அது யாரு பாட்டு?" என்றான் வெர்டெல்.

அந்தப் பெண் ஒரு பேர் சொன்னாள். "நியூயார்க் ஆளுங்க. உங்களுக்கெல்லாம் தெரியாது."

"கிதார் யாரு?"

"கிதாரா? அது மெஷின் தாத்தா."

"டிரம்?"

"அதுவும் மெஷின்தான். இப்பல்லாம் யாரு கையால தட்டுறாங்க? வண்டிய எடுங்க, எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது, வெயிலில் அவனுக்குத் தலை சுற்றிவிட்டது என்றுதான் இமோஜீன் நினைத்தாள். மறுநாள் அடுத்த வீட்டுப் பையன்கள் படிக்கட்டில் அதையே ஓட்டினார்கள். தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு ஜன்னலுக்குப் போனாள். ஒரு பாட்டு முடியும்வரை நின்றாள். "ஆர்லி," என்றாள், கீழே நிற்கிறவனைக் கூப்பிடுவதுபோல.

செப்டம்பரில் ஒரு பெண் படியேறி வந்தாள். பேர் ரெனாட்டா காஸ்கின், இருபத்தேழு வயது, நியூயார்க்கில் பாட்டுப் பதிவுசெய்கிறவள். தொலைபேசிப் புத்தகத்தில் சிகாகோவின் பிங்ஸ்டன்கள் எல்லாருக்கும் வரிசையாகப் போன் போட்டிருக்கிறாள். பையிலிருந்து 'சூடான தார்' ஆல்பத்தை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்தாள். அட்டையில் வெர்டெல் வெறுங்காலோடு தார் ரோட்டில் நின்றுகொண்டிருந்தான். அவன் அதைப் பார்த்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"சார், இதிலருந்து துண்டு துண்டா மெஷின்ல எடுத்துப் போட்டு இதுவரைக்கும் பதினோரு பாட்டு வந்திருக்கு, எனக்குத் தெரிஞ்சே," என்றாள். "உங்க கிதாரைக் கேட்டுட்டு ரெண்டு ராக் கோஷ்டி தங்களோட வாசிப்பையே மாத்திக்கிட்டாங்க. அந்த டிரம்முக்கு எங்க ஊர்ல தனியா பேரே இருக்கு. 'தார்'னுதான் சொல்லுவோம். புதுசா ஒருத்தன் மெஷின் வாங்கினா முதல்ல 'தார்' போட்டுத்தான் பழகுவான்."

"அந்தத் தாருக்கு ஒரு பேர் இருக்கும்மா," என்றாள் இமோஜீன். "ஆர்லி ஸ்டாம்ப்ஸ். என் தம்பி. சோளரொட்டி சாப்பிடுவியா?"

வக்கீல், உரிமை, கையெழுத்து என்று நடந்ததெல்லாம் தனிக்கதை. அதை இமோஜீன் பார்த்துக்கொண்டாள். வெர்டெலுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பதினோரு பாட்டையும் ரெனாட்டா ஒரு கேசட்டில் போட்டுக்கொடுத்தாள். அவன் கேட்டான், திரும்பத் திரும்பக் கேட்டான். எந்தப் பாட்டு முடிந்தாலும் அவன் மனம் போய் நின்றது ரேடியோ நிலைய வாசலில்தான். ஆர்லி உயிரோடு இருந்தால் நாற்பதுகூட ஆகியிருக்காது.

அடுத்த வருஷம் வசந்தத்தில் மேற்குப் பகுதிக்காரர்கள் வெர்டெலுக்குப் பூங்காவில் ஒரு பாராட்டு விழா வைக்க முடிவுசெய்தார்கள். பத்திரிகையில் செய்தி வந்தது. விழாவை நடத்துபவர் ஷெரிஃப் லான்சோ. அறுபத்தொரு வயதிலும் அவன் அதே காலை நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தான், எல்லாரும் இப்போது 'மேற்குப் பகுதியின் குரல்' என்று மரியாதையாகச் சொன்னார்கள். பத்திரிகைக்காரரிடம் அவன் சொல்லியிருந்தான்: "உலகத்திலேயே அந்த ஆல்பத்தை முதன்முதலில் வானொலியில் ஒலிபரப்பியவன் நான்தான்."

வெர்டெல் அதை உரக்கப் படித்தான். 

"பொய் இல்லையே," என்றாள் இமோஜீன். "அவன்தான முதல்ல போட்டான்." எழுந்து படுக்கையறைக்குப் போனாள். அலமாரியின் மேல்தட்டில் தொப்பிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பழைய கேசட்டை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். "அன்னிக்கு என் தம்பி முதல் தடவையா ரேடியோவுல வரான்னு நான் பதிவு பண்ணி வச்சேன். உனக்குச் சொல்லல. சொல்லியிருந்தா நீ இதத் தூக்கி எறிஞ்சிருப்ப. இல்லன்னா தினம் இதையே கேட்டுக் கேட்டு இன்னும் மோசமாப் போயிருப்ப."

அவர்கள் போட்டுக் கேட்டார்கள். லான்சோ சொன்ன ஒவ்வொரு சொல்லும் இருந்தது. அந்தச் சிரிப்பும், தட்டு ஒடிந்த சத்தமும்கூட.

"விழாவுல போட்டுக் காமிச்சிரலாமா?" என்றாள் இமோஜீன்.

வெர்டெல் கேசட்டை வெளியே எடுத்தான். "அது ஒரு நாளோட போயிரும் இமோ," என்றான். "அன்னிக்கு ஐந்நூறு பேர் கேப்பாங்க. அப்புறம் மறந்துருவாங்க. எனக்கு அது போதாது." எழுந்துபோய் நியூயார்க்குக்குப் போன் போட்டான்.

தபாலில் வந்த அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டு ரெனாட்டா திருப்பிப் போன் போட்டாள். "சார், நிஜமாவே குடுக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் முதல் வாரம் அவளுடைய பாட்டு வெளியானது. லான்சோவின் சிரிப்போடு ஆரம்பம். 'என் வீட்டு நாய்க்குக்கூடப் போட மாட்டேன்' என்ற அவன் குரல். சடார். தட்டு ஒடியும் அந்த நொடியில் ஆர்லியின் டிரம் பாய்ந்து வந்தது. அதற்கப்புறம் பாட்டு முழுக்க, நாலு அடிக்கு ஒருமுறை, அந்தத் தட்டு ஒடிந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு பெண்குரல் கேட்டது: 'டிரம் யாரு?' கூட்டமாகப் பதில் வந்தது: 'ஆர்லி ஸ்டாம்ப்ஸ்.' இரண்டே வாரத்தில் மேடிசன் தெருவில் போகிற கார்களில் பாதி அதைத்தான் ஓட்டின. வெர்டெல் பஸ்ஸின் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஓட்டினான். ஒவ்வொரு சடாருக்கும் அவன் உடம்பில் ஏதோ ஒன்று இறங்கியது. இது இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றே இருந்தது அவனுக்கு.

ஜூலையில் விழா நடந்த நாளில் பூங்கா நிரம்பி வழிந்தது. வறுத்த கெளுத்தி மீன் வாசனை, புகைவிடும் கறி அடுப்புகள், புல்லில் விரித்த போர்வைகள். லான்சோ வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக மேடையேறினான். அந்தப் பாட்டை அவன் அதற்குள் கேட்டிருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்க்காமல் மைக்கையே பார்த்தான். ஆனால் நாற்பது வருஷம் மைக்கில் வாழ்ந்தவன், சமாளித்துவிடலாம் என்று நினைத்தான்.

"மக்களே, இந்த மனுஷனை உங்களுக்கு முதல்ல கொண்டுவந்தது யாரு தெரியுமா..."

புல்தரையிலிருந்து எவனோ வாயாலேயே 'சடார்' என்றான். சிரிப்பு எழுந்தது. லான்சோ மறுபடி தொடங்கினான். இந்த முறை ஐம்பது பேர் 'சடார்' என்றார்கள். மூன்றாவது முறை அவன் வாயைத் திறப்பதற்குள், கடைசி வரிசையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த கிழவிவரை எல்லாரும் சொன்னார்கள். அப்புறம் அது நாலு அடிக்கு ஒருமுறை தானாகவே விழ ஆரம்பித்தது. "டிரம் யாரு?" என்று ஒரு சின்னப் பெண் கீச்சுக்குரலில் கேட்டாள். பூங்கா பதில் சொன்னது.

மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெர்டெல் எழுந்து போய் அவனைக் காப்பாற்றவில்லை. எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள், பெரிய மனுஷன் பெருந்தன்மையாக ஏதாவது சொல்வான் என்று. அவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். லான்சோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கப் படி வழியாக இறங்கினான்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. லான்சோ. இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கோட்டு இல்லை, தொப்பி இல்லை.

"உள்ள வரலாமா வெர்டெல்?"

"வா."

சமையலறையில் உட்கார்ந்தான். இமோஜீன் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி அந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லுய்யா," என்றான் லான்சோ. "என் பேரப்பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்து அழுதுக்கிட்டு வராங்க. கடைக்குப் போனா குரைக்கிறானுங்க. சர்ச்சுல, சர்ச்சுலய்யா, பின்பெஞ்சுல இருந்து ஒருத்தன் சடார்ங்கிறான். நான் பண்ணது தப்புதான். ஒத்துக்கிறேன்."

"எது தப்பு?" என்றாள் இமோஜீன்.

"அந்த... அந்த டிரம் வாசிச்ச பையனை அப்படிச் சொன்னது."

"பேரு?"

லான்சோ விழித்தான். ஊர் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த பேர் அந்த நேரத்தில் அவனுக்கு வரவில்லை. இமோஜீன் ரெனாட்டா விட்டுப்போயிருந்த ஆல்பத்தின் அட்டையைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள். "பின்னாடி பொடி எழுத்துல இருக்கு. படி."

அவன் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தான். அவள் மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தான்.

"இந்த ஆல்பத்த என்னிக்காவது முழுசாக் கேட்டிருக்கியா?" என்றான் வெர்டெல்.

"இல்ல."

"உக்காரு, கேளு."

முப்பத்தெட்டு நிமிஷம். முதல் பக்கம் முடிந்ததும் வெர்டெல் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டான்.  இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டில் லான்சோவின் ஷூ தரையில் தட்ட ஆரம்பித்தது. அவன் குனிந்து அதைப் பார்த்தான், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல. முடிந்தபோது கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"அன்னிக்கும் ஆடிச்சுய்யா இந்தக் கால்," என்றான். "ஸ்டூடியோவுல. அதான் பயந்துட்டேன். இது மட்டும் ஊருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா நான் ஓட்டுற பாட்டையெல்லாம் எவன் கேப்பான், என்னை எவன் கேப்பான்னு. நல்லா இருக்குன்னு தெரிஞ்சுதான் ஒடிச்சேன். நல்லா இல்லேன்னா சும்மா வுட்டிருப்பேன்."

பதினெட்டு வருஷமாக வெர்டெல் எத்தனையோ பதில்களை இவனுக்காகத் தயார்செய்து வைத்திருந்தான். அவற்றில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. லான்சோவுக்குக் காது கேட்காது, ரசனை கிடையாது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான். அது எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

"பாட்டு ஓடும்," என்றான் வெர்டெல். "நீ இருக்கிறவரைக்கும் ஓடும். நீ போனதுக்கப்புறமும் ஓடும். அதுல நான் செய்ய ஒண்ணுமில்ல, செய்யவும் மாட்டேன்."

"திங்கக்கிழமை காலைல நான் ரேடியோவுலயே சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். முழு ஆல்பத்தையும் போடறேன்."

"போடு."

"அப்பவாவது...?"

"அப்பவும் இல்ல."

லான்சோ எழுந்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, இமோஜீனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெர்டெல் கதவுவரை போய், அவன் கைப்பிடியைப் பற்றிப் பற்றிப் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திங்கட்கிழமை லான்சோ சொன்னபடி செய்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நிலையம் அவனுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியது. அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தச் சனிக்கிழமை, கீழே தெருக்கதவு மூடும் சத்தம் கேட்டபிறகு வெர்டெல் சமையலறைக்குத் திரும்பினான்.

"அழுதானா?" என்று கேட்டாள் இமோஜீன், மீனுக்கு மாவு புரட்டிக்கொண்டே.

"தெரியல. முதுகத்தான் பாத்தேன்."

"அழுதிருக்கணும்."

"அழுதிருப்பான்."

அவள் எண்ணெயில் மீனைப் போட்டாள். வெர்டெலுக்கு நல்ல பசி. நாலு துண்டு சாப்பிட்டான், கீரையை வழித்துச் சாப்பிட்டான், பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே படுத்துச் சாயங்காலம்வரை அசையாமல் தூங்கினான்.